என்ன முறை வேணும்

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் நதியா மூன்று ஊசியை உடைத்துவிட்டாள். இருபது வருசமாக ஓவர்லாக் தையல் மெசின் ஓட்டுகிறவள். கண்ணைக் கட்டிவிட்டாலும் தோள் மூட்டிவிடுவாள் என்று அந்தத் தையல் லைனில் பெயர் வாங்கியவள். அவள் ஊசி உடைத்தாள் என்றால் பக்கத்து மெசின்காரிகளே தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

பனியன் கம்பெனியில் உடைந்த ஊசிக்குப் புது ஊசி சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். உடைந்த துண்டு அத்தனையும் தேடி எடுத்து, நோட்டில் டேப் போட்டு ஒட்டி, கையெழுத்தும் போட்டால்தான் அடுத்த ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் சுற்றியிருக்கிற பீஸ் எல்லாவற்றையும் ஒதுக்கிக் காந்தம் வைத்துத் தேட வேண்டும். அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தது கைக்குழந்தை உடுப்பு. மூன்றாவது ஊசியின் முனையைக் காணவில்லை.

சூப்பர்வைசர் சசிகுமார் வந்து நின்றான். கோபிச்செட்டிபாளையத்துப் பையன். திட்டினால்கூட மரியாதையாகத்தான் திட்டுவான்.

"ஏனுங்கக்கா, மூணு ஊசிங்க. மனசு ஊட்டுலயே இருக்குதாட்டங்க?"

"தேடித் தந்துர்றேன் சசி."

"நாளைக்குத் தங்கச்சிக்குத்தானுங்க பூ வெக்கறாங்க? உங்களுக்கு வெக்கற மாதிரி கை நடுங்குதுங்க."

லைனில் சிரித்தார்கள். நதியாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு மெசினுக்கு அடியில் பஞ்சும் நூலும் அப்பிக் கிடந்த தரையில் முட்டி போட்டாள். தங்கச்சி! வேல்விழி அவளுக்குத் தங்கச்சி இல்லை. பதினேழு வயசில் அவள் பெற்ற மகள். இந்த ஊரில் அது தெரிந்தவர்கள் மூன்றே பேர். அவள், அவளுடைய அம்மா மூக்கம்மாள், வீட்டுக்காரம்மா முத்தாத்தாள். நதியாவின் அப்பாவுக்கும் தெரியும். அவர் செத்து ஏழு வருசமாயிற்று.

கமுதிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பஞ்சம் பிழைக்க வந்த குடும்பம். நதியாவுக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும் முத்தாத்தாளின் தோட்டத்துச் சாளை வீட்டில் நாலு மாசம் அவளை மறைத்து வைத்திருந்தார்கள். பிள்ளை அங்கேயே பிறந்தது. மூக்கம்மாள் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, நாற்பத்திரண்டு வயசில் தான் பெற்றதாகச் சொல்லி லைன் வீட்டுக்கு வந்தாள். நாலு பேர் கிண்டலடித்தார்கள். அந்தக் கிண்டலை மூக்கம்மாள் சந்தோசமாக வாங்கிக்கொண்டாள். ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் வேல்விழிக்கு அம்மா மூக்கம்மாள்தான். நதியா அக்கா ஆனாள். வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் ஏதோ ஒரு குறை சொல்லித் தட்டிவிட்டு அக்காவாகவே முப்பத்தாறு வயசையும் தாண்டிவிட்டாள்.

இதுவரைக்கும் எப்படியோ ஓடிவிட்டது. போன புதன்கிழமை மூக்கம்மாளின் அண்ணன் ராக்கையா ஊரிலிருந்து போன் போட்டார். "தங்கச்சி, எம் மகன் அருள்செல்வன் ஒம் மகளத்தான் கட்டுவேங்கான். ஞாயித்துக்கிழம வந்து பூ வச்சிட்டுப் போறோம்" என்றார். அருள்செல்வன் திருப்பூரிலேயே ஒரு பிரிண்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறவன். அயித்தை வீடு என்று ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்து போனவன். வேல்விழி எக்ஸ்போர்ட் ஆபீசில் கம்ப்யூட்டர் தட்டுகிறவள். ரெண்டு பேரும் எப்போது பேசிப் பழகினார்கள் என்பது நதியாவுக்குத் தெரியவில்லை. ஊரையே ஏமாற்றினவர்களை வீட்டுக்குள் இருந்த சின்னது ஏமாற்றிவிட்டது.

மூக்கம்மாளுக்குத் தலைகால் புரியாத சந்தோசம். நதியாவுக்கு மட்டும் அன்றையிலிருந்து சோறு இறங்கவில்லை. வேல்விழிக்கு அப்பன் யார் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவன் ராக்கையாவின் மூத்த மகன் ஜெயபாண்டி. அருள்செல்வனின் கூடப்பிறந்த அண்ணன்.

சாப்பாட்டு நேரத்தில் கக்கூஸ் பக்கம் போய் நின்று ஜெயபாண்டியின் நம்பருக்கு அடித்தாள். நாலு நாளாக அவனாகவே ஏதாவது சொல்லி இதை நிறுத்திவிடுவான் என்று காத்திருந்தாள். அவனுக்குத் தெரியாதா என்ன? இவளுக்கு வயிற்றில் இருந்தது தெரியும். அடுத்த வருசமே அயித்தைக்குப் பிள்ளை பிறந்ததும் தெரியும். கூட்டிக் கழித்துப் பார்க்கப் பெரிய படிப்பா வேண்டும்?

"யாரு?"

"நதியா பேசுறேன் மச்சான். நாளைக்கு வர்றத நிறுத்துங்க. ஒங்களுக்கே தெரியும்ல?"

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் சத்தம் கேட்டது.  "எனக்கு ஒண்ணுந் தெரியாது. பழசெல்லாம் இப்ப எதுக்கு? நீ வாயத் தெறக்காம இருந்தா எல்லாருக்கும் நல்லது."

வைத்துவிட்டான். நதியாவுக்குக் காது சுட்டது. பெற்றவனுக்கு இது வெறும் பழசாம்.

ஊசி முனை மூன்று மணிக்குக் கிடைத்தது. ஒரு குட்டிச் சட்டையின் அக்குளில், தையலுக்குள்ளேயே ஏறிப் படுத்திருந்தது. காந்தம் போய் ஒட்டிக்கொண்டது. அப்படியே போயிருந்தால் எந்த ஊரிலோ ஒரு பிள்ளை காரணம் தெரியாமல் கத்தியிருக்கும், பெற்றவள் பசி என்று நினைத்துப் பால் கொடுத்திருப்பாள். நதியாவுக்கு அழுகை வந்துவிட்டது. சசிகுமார் பயந்துபோய், "ஏனுங்கக்கா, ஒரு ஊசிக்கா அழுவாங்க? ஊட்டுக்குப் போங்க, நாம் பாத்துக்கறேன்" என்றான்.

அவள் வீடு போய்ச் சேர்ந்தபோது வைகாசிக் காற்று அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைச் சத்தத்தையெல்லாம் வாரிக்கொண்டு வந்து லைன் வீட்டு வாசலில் போட்டுக்கொண்டிருந்தது. வேல்விழி தோழி கீர்த்தனாவோடு ஜாக்கெட் வாங்க டெய்லர் கடைக்குப் போயிருந்தாள். முத்தாத்தாள் தோட்டத்துத் தேங்காய் நாலு கொண்டுவந்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூக்கம்மாள் உளுந்தைக் களைந்துகொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள மூக்கம்மா, நானொண்ணு கேக்கோணும். தப்பா நெனச்சுக்காத" என்றாள் முத்தாத்தாள்.

"கேளுங்காத்தா."

"உன்ற அண்ணம் பையனுக்குத்தான குடுக்கறே? அவன் நதியா கண்ணுக்கு மச்சான் மொறையல்ல? அப்பறம் அந்தப் புள்ளைக்கு அப்பன் மொறையாயிப் போகுதே. எங்கூட்டுலயெல்லாம் அப்படிக் கட்ட மாட்டோமாக்கும்."

மூக்கம்மாள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மெல்லப் பேசுங்காத்தா. கார்டுல அவ எம் மக. ஊர் வாயில அவ எம் மக. மகளுக்குத்தான முறை பாப்பாக?"

"கார்டுல எழுதிப்போட்டா மொறை மாறிப் போகுமா?"

"வெளியில குடுத்தா பொண்ணப் பத்தித் துருவுவாகல்ல? நாப்பத்திரண்டு வயசுல எப்படிப் பெத்தேன்னு ஆஸ்பத்திரி வரைக்கும் போய் விசாரிப்பாக. எங்கண்ணன் வீடுன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாக. அப்பன் யாருன்னு தெரியாத புள்ளைக்கு இதவிட என்னாத்தா வேணும்?"

முத்தாத்தாள் நதியாவை ஒரு பார்வை பார்த்தாள். "என்னமோ சாமி. கண்ணு நல்லாருந்தாச் செரி" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

மூக்கம்மாள் அடுப்பில் சட்டியை வைத்தாள். கேசரிக்கு ரவையை இப்போதே வறுத்து வைத்துவிட்டால் காலையில் வேலை குறையும். நதியா சுவரில் சாய்ந்து நின்றாள். வேல்விழி வர அரை மணி நேரம் ஆகும். இதைவிட்டால் வேறு நேரம் இல்லை.

"அம்மா, முறை மட்டும் இல்லம்மா தடை."

"நீயும் ஆரம்பிக்காத."

"அன்னைக்கு நீ கேட்ட. வெளக்குமாறு பிஞ்சு போற வரைக்கும் அடிச்சுக் கேட்ட. நான் பேரச் சொல்லல."

மூக்கம்மாளின் கரண்டி நின்றது. "நல்லது நடக்கப் போற வீட்டுல எதுக்குடி அது?"

"ஜெயபாண்டி மச்சான்தாம்மா."

மூக்கம்மாள் திரும்பவில்லை. ரவை சிவந்து, கறுத்து, கமறல் வீடெல்லாம் ஏறியது. நதியாதான் போய் அடுப்பை அணைத்தாள்.

"எங்கண்ணன் மகனா? வேலைக்குன்னு வந்து நம்ம வீட்டுல ஒரு வருசம் சோறு தின்னானே, அவனா?"

"ஆமா."

"அடி பாவி, அன்னைக்கே சொல்லியிருந்தா எங்கண்ணன் கால்ல விழுந்தாச்சும் ஒன்னயக் கட்டி வச்சிருப்பேனே! முறை மாப்பிளதான்டி அவன்!"

"அவருக்குப் பத்து நாள்ல கல்யாணம்னு பத்திரிகை வந்துருச்சும்மா. பூத்துல போயி போன் பண்ணிச் சொன்னேன். ஒங்க கம்பெனியில ஆம்பளைக நெறைய இருக்காகள்ல, அவுகள்ல யாரையாச்சும் போய்க் கேளுன்னாரு. அதுக்கப்புறம் அந்தப் பேர நான் வாயால சொல்லுவேனா? நீ கொன்னு போட்டாலும் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்."

மூக்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு அடி, ரெண்டு அடி. நதியா கையைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். பத்தொன்பது வருசமாக இந்தப் பேச்சை எடுக்காமலே ஒரே பாயில் படுத்தவர்கள் அவர்கள்.

"நாளைக்கு வேலு வீட்டுக்குத் தூரம்னு சொல்லி நிறுத்திப்புடுவோம்" என்றாள் மூக்கம்மாள். "அப்புறம் ஜாதகம் சேரலன்னு சொல்லுவோம்."

"அவுக ரெண்டு பேரும் ஜாதகம் பாத்தா பழகுனாக? பெரியவுக ஒத்துக்கலன்னா நேரா ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போவாக. வேலுகிட்டச் சொல்லித்தாம்மா ஆகணும்."

"சொல்லாதடி. எங்கண்ணன் வாசப்படி எனக்கு அடைஞ்சு போகும். அது என்னய என்னன்னு நெனைக்கும்? பெத்தவ நாந்தான்னு நெனச்சுட்டிருக்குடி அது."

நதியாவுக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. அந்தப் பிள்ளை 'அம்மா' என்று கூப்பிடுவதைப் பத்தொன்பது வருசமாகப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் அவள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. "என்னங்க ரெண்டு பேரும் ரவையக் கருக்கிட்டு உக்காந்திருக்கீங்க?" என்று சிரித்துக்கொண்டே வேல்விழி உள்ளே வந்தாள். அவள் பேச்சில் பாதி திருப்பூர்ப் பேச்சு. ஊருக்குப் போனால் அவளைக் கோயமுத்தூர்க்காரி என்று கேலி செய்வார்கள்.

அன்றைக்கு நதியா சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது, பிள்ளை புது ஜாக்கெட்டை நெஞ்சில் வைத்துக் காட்டி, "நல்லாருக்குதாக்கா?" என்று கேட்டதும் உள்ளே போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு வேல்விழி தலைக்குக் குளித்துவிட்டுப் பின்பக்கம் குழாயடியில் வந்து உட்கார்ந்தாள். லைனில் எல்லோரும் லீவு நாள் தூக்கத்தில் இருந்தார்கள். நதியா துண்டால் அவள் முடியை உதறினாள். காற்று பாதி வேலையைச் செய்தது. மாப்பிள்ளை வீட்டார் பத்தரைக்கு வருவார்கள்.

"மச்சான் வெள்ளச் சட்டயில வர்றேன்னாருங்கக்கா. அவங்க அண்ணி பூத்தட்டு எடுத்துட்டு வர்றாங்களாம். அவங்க அம்மா இல்லாததுனால அண்ணனும் அண்ணியுந்தான் எல்லாமே செய்யறாங்க."

நதியாவின் கை நின்றது. அந்த அண்ணன்தான் பெற்ற மகள் தலையில் தம்பிக்காகப் பூ வைக்க வருகிறான்.

"வேலு, இந்தப் பூ வேண்டாம்."

வேல்விழி திரும்பினாள். அவள் முகத்தில் இரக்கம் வந்தது. அதைத்தான் நதியாவால் தாங்க முடியவில்லை.

"உனக்குப் பண்ணாம எனக்குப் பண்றாங்கன்னு வருத்தமாக்கா? எனக்கே சங்கடமாத்தான் இருக்குது. நீ வேண்டாம்னு சொல்லிட்டே இருந்தியே."

"அதுக்கில்ல. நீ எனக்குத் தங்கச்சி இல்ல வேலு."

"அப்பறம்?"

"நாம் பெத்த புள்ள நீ."

வேல்விழி சிரித்தாள். குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சிரித்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோயிற்று. நதியா நிறுத்தாமல் சொன்னாள். நிறுத்தினால் திரும்பச் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும். சாளையைச் சொன்னாள். நாலு மாசத்தைச் சொன்னாள். பால் கட்டிக்கொண்டு காய்ச்சலில் கிடந்ததைச் சொன்னாள். கம்பெனியிலிருந்து ஓடி வந்து கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கும் தெரியாமல் பால் கொடுத்ததையும் சொன்னாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் வேல்விழி. கேட்ட பிறகுதான் எந்த அம்மாவைச் சொல்கிறோம் என்று அவளுக்கே குழப்பம் வந்திருக்க வேண்டும். "மூக்கம்மாவுக்கு" என்று திருத்தினாள். பேரைச் சொல்லி அவள் சொன்னது நதியாவுக்குச் சுரீரென்றது.

"அவதான் ஒன்னய வளத்தா."

"யாரு அந்தாளு?"

நதியா பேரைச் சொன்னாள்.

வேல்விழியின் ஈர முடி முதுகில் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது. நதியா துண்டைப் போடப் போனாள். வேல்விழி தோளைச் சிலுப்பிக்கொண்டாள்.

"அப்ப அருளு எனக்கு என்ன மொறை வேணும்?"

  திருப்பூருக்கு வந்து இருபது வருசமாகியும் யார் யாருக்கு என்ன முறை என்பது நதியாவின் நாக்கிலேயே இருக்கும், கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். இதை மட்டும் சொல்ல முடியவில்லை. வேல்விழி எழுந்து உள்ளே போனாள். அறைக் கதவு சாத்தித் தாழ்ப்பாள் விழுந்தது.

மூக்கம்மாள் வடை மாவுக் கையோடு ஓடி வந்தாள். "சொல்லிட்டியா? சொல்லிட்டியாடி? தாளப் போட்டுட்டாளே! உள்ள சீலிங் ஃபேன் இருக்குடி!"

நதியா ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். "வேலு! கதவத் தெற கண்ணு. வேலு!"

 மூக்கம்மாள் தோளால் இடிக்கப் போனாள். அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. அழுத குரலாகவும் தெரியவில்லை, அழாத குரலாகவும் தெரியவில்லை.

"இருங்க. சேலை கட்டிட்டிருக்கேன்."

மூக்கம்மாள் மாவுக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். நதியாவின் காதருகே வந்து கிசுகிசுத்தாள். "பாத்தியா? அவளுக்குச் சம்மதந்தான். ஆசப்பட்ட புள்ள. மறந்துரும். நாமளும் மறந்துருவோம். இனி ஒரு வார்த்த பேசாத."

 சம்மதமா? தெரிந்தேவா? ஊசியாவது கிடைத்துவிட்டது. இப்போது தெரிந்த பிறகும் அந்தப் பெண் போய் உட்கார்ந்துவிட்டால் நதியா என்ன செய்வாள்? அவளே வாசலில் நின்று கத்த வேண்டியதுதான். கத்துவாள். மானம் போனாலும் போகட்டும். 

பத்து இருபதுக்கே வேன் வந்துவிட்டது. கமுதியிலிருந்து விடிவதற்கு முன்னால் கிளம்பியிருந்தார்கள். ராக்கையா முதலில் இறங்கினார். எழுபது வயசு, வேட்டி கசங்கவில்லை. பின்னால் அருள்செல்வன், சொன்னபடியே வெள்ளைச் சட்டையில். ஜெயபாண்டியின் பெண்டாட்டி பூத்தட்டைச் சேலைத் தலைப்பால் காற்றுக்கு மறைத்துக்கொண்டு இறங்கினாள். கடைசியாக ஜெயபாண்டி. ஆள் பெருத்துப் போயிருந்தான். முன்நெற்றி ஏறியிருந்தது. நதியாவைப் பார்த்தான். பார்த்துவிட்டு வேன் டிரைவரிடம் ஏதோ பேசத் திரும்பிக்கொண்டான்.

"வாங்கண்ணே, வாங்க, வாங்கத்தா" என்று மூக்கம்மாள் குரலை உயர்த்திக் கூப்பிட்டாள். முத்தாத்தாளும் தன் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள். லைன் வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"எங்கத்தா எம் மருமக?" என்றார் ராக்கையா.

அறைத் தாழ்ப்பாள் திறந்தது. வேல்விழி மாம்பழ நிறப் பட்டுச்சேலையில் வந்தாள். கண்ணில் மை கலையவில்லை. முகத்தைக் கழுவிவிட்டு மறுபடியும் தீட்டியிருப்பாள். கையில் ஒரு சொம்பு தண்ணீர். மூக்கம்மாளைத் தாண்டினாள். நதியாவைத் தாண்டினாள். அருள்செல்வனுக்கு முன்னால் போய் நின்றாள். அவன் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க சித்தப்பா" என்றாள்.

அருள்செல்வன் சத்தமாகச் சிரித்தான். "ஏய், என்ன வெளாட்டு இது?"

"வெளாட்டில்லைங்க சித்தப்பா." அவள் குரல் அந்த இடத்தில் கொஞ்சம் உடைந்தது. "எனக்கும் இன்னைக்குக் காலைலதான் தெரியும். தண்ணி குடிங்க."

அவன் சிரிப்பு நின்றது. வேல்விழி ராக்கையாவிடம் திரும்பினாள். "உங்களையும் இனி மாமான்னு கூப்பிட முடியாதுங்க தாத்தா."

முறை விசயத்தில் ராக்கையாவுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பெண் எடுக்கிற, கொடுக்கிற பஞ்சாயத்து என்றால் நாலு ஊரில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இவன் சித்தப்பா என்றால் அவளுடைய அப்பன் இவனுக்கு அண்ணன். அருள்செல்வனுக்கு அண்ணன் ஒருத்தன்தான். அவர் தாத்தா என்றால் அவள் மகன் வயிற்றுப் பேத்தி. அதைக் கணக்குப் போட அவருக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. தங்கச்சியைப் பார்த்தார். மூக்கம்மாள் வாசலில் அப்படியே உட்கார்ந்து, "அண்ணே" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கச்சிக்குப் பின்னால் சுவரோடு சுவராக நின்ற நதியாவைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக வேன் பக்கம் திரும்பினார்.

ஜெயபாண்டியின் பெண்டாட்டியும் அதே பக்கம்தான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறைத்திருந்த சேலைத் தலைப்பு நழுவியது. தட்டிலிருந்த மல்லிகையைக் காற்று கலைத்துப் போட்டது. அவள் அதைப் பிடிக்கவில்லை.

"நெசமாத்தா?" என்று ராக்கையா கேட்டார். கேட்டது மகனிடம் இல்லை, நதியாவிடம்.

"நெசந்தான் மாமா" என்றாள் நதியா. குரல் தெளிவாக வந்தது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. லைன் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது, பார்க்கட்டும் என்று இருந்தது. பத்தொன்பது வருசத்தில் இன்றைக்குத்தான் அவள் நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள்.

ஜெயபாண்டி தரையைப் பார்த்தபடி நின்றான். இல்லை என்று சொல்ல வாயெடுத்தது போலத்தான் இருந்தது, ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டான். அருள்செல்வன் வெள்ளைச் சட்டையோடு வாசற்படியில் உட்கார்ந்து முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டான். யாரும் அவனைத் தொடவில்லை.

வேல்விழி சொம்போடு நடந்து ஜெயபாண்டிக்கு எதிரே போய் நின்றாள். நீட்டவில்லை. அவனை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பிறகு திரும்பி நதியாவைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படியாகவே கேட்டாள்.

"இவரை நான் என்னன்னு கூப்பிடோணும்?"

"ஒண்ணும் கூப்பிட வேண்டாம்" என்றாள் நதியா. "தண்ணிய மட்டும் குடு. வெயில்ல வந்திருக்காக."